நீ எழுதிய அக்கறை

அன்பு மகனுக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனத்த உறையைப் பார்த்து நீ பயந்துவிடக் கூடாது. ராசிபுரத்தில் நான்கு நாளாகப் பெய்த மழை இன்றுதான் விட்டிருக்கிறது. உன் அம்மா பின்கட்டில் துவரை உடைத்துக்கொண்டிருக்கிறாள், திருகையின் சத்தம் இங்கே கேட்கிறது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் எழுதியதைத் திருத்தியவனுக்கு இப்போது திருத்த யாரும் இல்லை. அதனால் நான் எழுதுவதையே இரண்டு தரம் படித்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம் வந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை மட்டும் அப்படிப் படிக்காமலே உறையில் போடப் போகிறேன். உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பத்து மாதமாக உன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. அதை உன்னிடம் கேட்பதற்கு முன்னால் நான் ஒத்துக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

நீ ரங்கூனுக்குக் கப்பல் ஏறிய முதல் வருஷம் எப்படியெல்லாம் எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மரக்கம்பெனி ஆபீஸைப் பற்றி நான்கு வரி இருக்கும். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். ஏரிக்கரைத் தோட்டத்தில் சாயங்காலம் பட்டாளத்தார் பேண்டு வாசிப்பதையும், பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவனின் கன்னம் பூசணிப்பிஞ்சு போல உப்புவதையும், சரியாக ஆறு மணிக்கு வாத்தியங்களைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் எழுந்துபோன பிறகும் நீ புல்லில் உட்கார்ந்திருந்ததையும் எழுதினாய். பக்கத்து மேஜையில் வேலை செய்கிற பர்மாக்காரன் மவுங் தின் உனக்கு நண்பனானதை எழுதினாய். அந்தப் பெயரைப் படித்ததும் உன் அம்மா சிரித்துவிட்டாள். "பேரே தின்னுங்கறாங்க. அப்படின்னா பையனுக்குச் சோத்துக்குக் கொறை வெக்கமாட்டான்" என்றாள். அதிலிருந்து அவன் எங்கள் வீட்டில் தின்னுதான். ஒவ்வொரு கடிதத்தையும் நான் மூன்று முறை, நான்கு முறை படித்துக் காட்ட வேண்டும். கடிதம் வந்தது என்றால் அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, கதை கேட்க வந்தவள் போலச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். அவள் எழுத்தறியாதவள் என்பது உனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்த நான் வீட்டில் இருந்தவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் கணக்கில் இருக்கும் இன்னொரு தப்பு, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நான் சொல்ல வந்தது சிரியம் கடிதத்தை. நீயும் மவுங் தின்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீராவிப் படகில் ஆற்றைக் கடந்து, சிரியத்தில் ஒரு புத்தர் கோயில் திருவிழாவுக்குப் போனீர்கள். அங்கே ஒருவன், இருபது மத்தளங்களைத் தன்னைச் சுற்றி வட்டமாகக் கட்டித் தொங்கவிட்டு, நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தான் என்று எழுதியிருந்தாய். வாசிக்கும் முன்னால் சோற்றையும் சாம்பலையும் பிசைந்து ஒவ்வொரு மத்தளத்திலும் அப்பினான், கொஞ்சம் அப்பினால் ஒரு சுருதி, வழித்துவிட்டால் வேறு சுருதி, சுருதி சேர்க்கவே அரை மணி ஆயிற்று, அந்த அரை மணியே ஒரு கச்சேரி போல இருந்தது என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு அந்தச் சோற்று விஷயம் ரொம்பவும் பிடித்துப்போயிற்று. "வயித்துக்கும் சோறு, மத்தளத்துக்கும் சோறுங்களா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். கடைசியில் நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டு, பொழுது இறங்குகிற நேரத்தில் துறைக்கு ஓடிவந்தீர்கள். கடைசிப் படகு நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. உன் கடைசி இரண்டு வரி இது: "நாங்கள் இருவரும் அக்கறையில் நின்றோம். தாள் தீர்ந்துவிட்டது, மீதி அடுத்த கடிதத்தில்."

அந்த மீதி வரவில்லை. வராததற்குக் காரணம் நான்தான் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஓய்வுபெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. மேஜையில் சிவப்பு மசிப் புட்டி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. உன் கடிதத்தை எடுத்தேன், பிழைகளைத் திருத்தினேன். பதினொரு இடம். கடைசி வரியில் 'அக்கறை'யைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் இப்படி எழுதினேன்: "அக்கரை என்றால் அந்தப் பக்கத்துக் கரை. அக்கறை என்றால் ஈடுபாடு. நான்காம் வகுப்புப் பாடம் மறந்துபோயிற்றா? படகும் பாட்டுமாக ஞாயிற்றுக்கிழமைகளைப் போக்காமல் உருப்படியாக ஏதாவது படி. உன்னை நான் இதற்கா அனுப்பினேன்?" எழுதி, உன் கடிதத்தையே உறையில் போட்டு உனக்குத் திருப்பி அனுப்பினேன். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுப்பது போல. அன்று எனக்கு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த திருப்திகூட இருந்தது.

நான்கு நாள் கழித்து உன் அம்மா, அந்தச் சோற்று மத்தளத்தை இன்னொரு தரம் படியுங்கள் என்று வந்து உட்கார்ந்தாள். கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். அவள், "பாடம் அவனுக்குங்க. கடுதாசி எனக்கும்தானுங்களே வந்துச்சு" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீ மனதில் வைத்துக்கொண்டு மறக்காமல் இருப்பாயோ என்று நான் பயப்படுகிற இன்னொன்றையும் சொல்கிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள், நாடெல்லாம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. நாமும் ஒருநாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, சேலம் போய் ஓமலூர் வழியாகப் போனோம். அன்று கூலிக்காரர்களுக்கு விடுமுறை. அவர்கள் குடிசைகளுக்கு முன்னால் நாலைந்து பேர் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். நீயும் உன் அம்மாவும் அங்கேயே புளியமரத்தடியில் நின்றுவிட்டீர்கள். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அணையின் நீளம் என்ன, உயரம் என்ன, எத்தனை மதகு என்று பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் ஒரு வியாசம் எழுதிக் காட்ட வேண்டும் என்றேன். நீ எழுதினாய். அதில் அணை ஒரே வரிதான் இருந்தது. மீதிப் பக்கம் முழுவதும் பம்பைக்காரர்கள்தான். அவர்களில் ஒருவனுக்கு இடது கைச் சுண்டுவிரல் இல்லை என்பதை நீ பார்த்திருக்கிறாய். அந்த விரல் இல்லாமலே அவன் எப்படி அடித்தான் என்று எழுதியிருந்தாய். நான் அதன் அடியில், "கேட்டதை எழுதவில்லை" என்று எழுதினேன். நல்ல வியாசம், கண்ணு. என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்ததில்லை. அன்றைக்கே எனக்கு அது தெரிந்திருந்தது.

தெரிந்தும் ஏன் அப்படி எழுதினேன் என்று நீ கேட்கலாம். உன்னிடமோ உன் அம்மாவிடமோ சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால், திருச்செங்கோட்டுத் தேருக்குப் போயிருந்தேன். தேருக்கு முன்னால் ஒரு நாதசுரக்காரர் வாசித்துக்கொண்டு போனார். தேர் நகர்ந்தால் அவரும் நகர்வார், தேர் நின்றால் நின்று வாசிப்பார். தேர் அன்று அடிக்கடி நின்றது, அதனால் எனக்கு யோகம். வெயிலில், புழுதியில், தெருத்தெருவாக அவர் பின்னால் போனேன். சாப்பிடவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு என்னை மறந்து நின்றபோது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர் என்னைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பையன் ஒருவன் வாய்ப்பாட்டில் தடுமாறினான். "உன் வாத்தியார் தொடையில் தாளம் போட்டால் உனக்கு வாய்ப்பாடு எப்படி வரும்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பிள்ளைகள் சிரித்தது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு நான் எந்தத் தேருக்கும் போகவில்லை. ஊரில் நாதசுரம் கேட்டால் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். அந்த மனிதர் ஒரு தரம் கேட்டதை நான் உன்னிடம் முப்பது தரம் கேட்டிருக்கிறேன். யாரோ எனக்குப் போட்ட வட்டத்தை நான் உனக்குப் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை நான் திருத்தி அனுப்பிய பிறகு உன்னிடமிருந்து தபால் அட்டைகள் வர ஆரம்பித்தன. மாதம் ஒன்று. "நலம். நலமறிய ஆவல். வேலை நன்றாக நடக்கிறது. அம்மாவுக்கு என் வணக்கம்." ஒரு பிழைகூட இல்லை. நான் தேடித்தான் பார்த்தேன். முதல் அட்டை வந்த அன்று உன் அம்மா வழக்கம் போலக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் படித்தேன். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானுங்களா?" என்றாள். நான் அட்டையைப் பார்த்தபடியே, "இன்னும் இருக்கிறது" என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "இந்த ஞாயிற்றுக்கிழமை மழையானதால் பேண்டு வாசிக்கவில்லை. நானும் தின்னும் குடை பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தோம்" என்று படித்தேன். அவள் முகம் மலர்ந்தது.

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் நான் உனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தயார் செய்தேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்த ஒரு நெசவு வியாபாரி சந்தைப்பேட்டையில் இருக்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்து விசாரித்து வைத்துக்கொள்வேன். பூகோளப் புத்தகத்தை எடுத்துப் படத்தில் ரயில் பாதையைப் பார்ப்பேன். உன்னைப் பெகுவுக்கு ரயிலில் அனுப்பிப் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கவைத்தேன். தமிழர் சங்கத்தில் ஆர்மோனியம் கேட்கவைத்தேன். படகுத்துறையில் வறுத்த நிலக்கடலை வாங்கித் தின்னவைத்தேன். யோசித்துப் பார், எதைச் செய்யாதே என்று உனக்குச் சிவப்பு மசியில் எழுதினேனோ, அதையே மாதம் தவறாமல் உன்னைச் செய்யவைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நம்பமாட்டாய், நானும் அடுத்த அட்டையை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் என்னால் முடியவில்லை. படித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் உன் அம்மா கேட்பாள்: "அந்தப் படகு போயிடுச்சே, அப்பறம் எப்படி வந்தான்னு எழுதலீங்களா?" அதற்கு மட்டும் நான் பதில் தயார் செய்யவில்லை. வேறு படகு வந்ததென்று சொல்லியிருக்கலாம். அந்த ஊரிலேயே தங்கிவிட்டாய் என்றும் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. அது நீ சொல்ல வேண்டியது, அதை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பட்டது. "எழுதவில்லை" என்பேன். அந்த ஒரு பதில் மட்டும்தான் நான் படித்ததில் உண்மை.

சென்ற மாதம் எனக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. வியாபாரியும் ஊரில் இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ரங்கூனில் நம்மவர்கள் தேர் இழுத்தார்கள், நாதசுரக்காரர் பின்னால் தெருத்தெருவாகப் போனேன், பசி தெரியவில்லை, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நின்றேன் என்று படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே நிறுத்த முடியவில்லை. அந்த நாதசுரக்காரர் ஒரு இடத்தில் மூச்சை நிறுத்திக் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி எடுத்ததைக்கூடச் சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எம் பையன் கால்லதான் தாளம் போடுவான். கைக்கொழந்தையில இருந்து அப்படித்தான். தொடையில போடறது நீங்க. தூக்கத்துல போடுவீங்க, நான் பாத்துட்டுக் கெடப்பேன்" என்றாள். பிறகு என் கையிலிருந்த அட்டையை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா அரைப்படி செம்புல ரெண்டு படி புடிக்காதுன்னு தெரியும். முதல் அட்டையிலயே தெரிஞ்சுது."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சுங்க, அதனாலதான். உங்களுக்குள்ள இத்தனை ஊருக்குப் போற ஆசை இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நம்ம நடந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் ஊட்டுக்கும்தான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நாமக்கல்லுக்குப் போனோம். வேறு காரியம் எதுவும் இல்லை, சும்மா போனோம். அப்படிச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர், "என்னங்க வாத்தியாரய்யா, கல்யாணம் ஏதாச்சுங்களா?" என்று கேட்டதற்கு நான் விழித்தேன். உன் அம்மா முந்திக்கொண்டு, "மேளம் கேக்கப் போறமுங்க" என்றாள். அவர் அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். குளக்கரையில் புளிச்சோறு சாப்பிட்டோம். கோயிலில் அன்று ஏதோ உற்சவம், நாதசுரம் இருந்தது. பெரிய வித்துவான் இல்லை, நடுநடுவே சுருதி விலகிற்று. இருந்தாலும் முன்னால் போய், அவர் விரல்கள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். நான் தொடையில் தாளம் போட்டேன். இரண்டு பழைய மாணவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். கை நிற்கப் பார்த்தது. உன் அம்மா என் முழங்கையை லேசாக இடித்தாள், மறுபடி போட்டேன்.

வாசிப்பு முடிகிறவரைக்கும் இருந்ததால் பஸ்ஸைத் தவறவிட்டோம். நாங்கள் வருவதற்கும் அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவதற்கும் சரியாக இருந்தது. அடுத்த பஸ் உண்டா என்று சொல்ல யாரும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, வழக்கம்போல அவளைத்தான் கடிந்துகொள்ளப் பார்த்தேன். அவள் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு பஸ் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படித்தானுங்க நின்னிருப்பான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பத்து மாசமா எனக்கு அவன் அங்கதான் நிக்கறான். வேலைக்குப் போறான், நலமா இருக்கறான், எல்லாம் படிக்கறீங்க. என் மனசுல அவன் அந்த ஆத்துக்கு அந்தப் பக்கமே நின்னுட்டிருக்கறான். இன்னும் ஊடு வந்து சேரலீங்க" என்றாள். அழவில்லை. கூடையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து எனக்குக் கொடுத்தாள். நிலக்கடலை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். அந்த லாரியில், மூட்டைகளுக்கு நடுவில், இந்தக் கடிதத்தை எழுதுவதென்று முடிவுசெய்தேன்.

தகப்பன் என்ற முறையில் உனக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? இதைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடாதே. நீ விட்டிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன், எழுதுவதைத்தான் விட்டிருப்பாய். ஆறு நாள் ஆபீஸுக்குக் கொடுக்கிறாய், ஏழாம் நாள் உன் காதுக்கும் காலுக்கும் உரியது. வாத்தியம் கேட்கப் போனால் வாசிக்கிறவன் கை தெரிகிற இடத்தில் உட்கார். தெரியாத ஊருக்குத் தின்னுவைக் கூட்டிக்கொண்டு போ. கடைசிப் படகு எப்போது என்று கேட்டு வைத்துக்கொள், ஆனால் வாசிப்பு நன்றாக இருந்தால் அதை விட்டுவிடுவதும் தப்பில்லை. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால் அவளையும் அழைத்துக்கொண்டு போ. நான் முப்பது வருஷம் தாமதித்தேன், நீ முதல் வாரத்திலேயே போ. உனக்குப் பிறக்கும் பிள்ளை பம்பைக்காரனின் விரலைப் பற்றி எழுதினால், அணையின் உயரத்தைக் கேட்காதே.

நான் திருத்திய அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கிறதோ, கிழித்துவிட்டாயோ, எனக்குத் தெரியாது. இருந்தால் அதை எங்களுக்கு அனுப்பு, அது உன் அம்மாவுடையது. கிழித்திருந்தாலும் பரவாயில்லை. சொல்லுக்குச் சொல் அவளுக்கு நினைவிருக்கிறது. சிவப்பு மசி மட்டும் இப்போது வீட்டில் இல்லை. வெல்ல வியாபாரி ஒருவர் மூட்டையில் குறி போட மசி வேண்டுமென்று கேட்டார், கொடுத்துவிட்டேன்.

இனி கேள்வி. உன் அம்மா திருகையை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறாள், எழுதியாயிற்றா என்று கேட்கிறாள். அன்று சிரியத்தில் படகு போய்விட்டது. நீயும் தின்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். அப்புறம் எப்படி வந்தாய், சாமி? யார் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், எங்கே சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்ந்தாய், எல்லாவற்றையும் எழுது. தாள் தீர்ந்தால் இன்னொரு தாள் எடுத்துக்கொள். எழுதும்போது எந்த ர என்று பேனாவை நிறுத்தி யோசிக்காதே. பெரிய ற போட்டே எழுது. நான் படிப்பதைக் கேட்பவள் உன் அம்மா. அவள் காதுக்கு இரண்டும் ஒரே சொல்தான். நீ எழுதியதில் அவளுக்கு ஒருநாளும் பிழை கேட்டதில்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பாவும் அம்மாவும்